வரலாமா என்று கேட்டுவிட்டு

அமுதவள்ளி அக்கா எட்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமைகளில் அருப்புக்கோட்டையிலிருந்து எங்கள் எம்.ரெட்டியபட்டிக்கு பஸ் ஏறி வந்தவர். தோளில் கம்பெனிப் பை. அதில் பேஸ்ட், பாத்திரம் கழுவும் திரவம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். கணவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஒரே மகள் பிரவீணா ஓசூரில் இருக்கிறாள், தீபாவளிக்கு வந்தால் உண்டு.

வாசலில் நின்று, "தங்கச்சி, உள்ள இருக்கியா?" என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார், அதற்குள் சமையலறைக்கே வந்திருப்பார். கீரை ஆய்ந்து தருவார், என் மாமியாரைப் பற்றி நான் புலம்புவதற்கெல்லாம் "ம்" கொட்டுவார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பை நினைவுக்கு வரும். சில வாரம் அதுவும் வராது. இப்படி வியாபாரம் செய்தால் உருப்பட்ட மாதிரிதான் என்று நான் கேலி செய்வேன்.

"வீட்டுல டிவி மட்டுந்தான் பேசுது தங்கச்சி. அதுகிட்ட நான் என்னத்தப் பேச?" என்றார் ஒருநாள்.

போன ஆடியில் மதுரையில் கம்பெனிக் கூட்டம். வீடு வீடாக விற்பவர்களுக்கு அரசாங்கம் புது விதி கொண்டுவரப் போகிறதாம். கழுத்தில் அடையாள அட்டை வேண்டும். முன்கூட்டி போன் செய்து, சம்மதம் வாங்கித்தான் வாசல் மிதிக்க வேண்டும். யார் வீடு, என்ன சாமான், என்ன பதில் என்று எழுத ஒரு நோட்டும் கொடுத்தார்கள். விதி இன்னும் வரவில்லை. மற்றவர்கள் சும்மா இருக்க, இந்த அக்கா மறுவாரமே ஆரம்பித்துவிட்டார். அப்படி ஓர் அப்பாவி.

எங்கள் பக்கம் போன் போட்டுவிட்டு யார் வருகிறார்கள்? கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர்கள் வருவார்கள். எதிர்வீட்டுக் கருத்தம்மாள் மதினி போனை எடுத்ததும் பதறிப்போய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றிருக்கிறார். சாமான் வேண்டுமா என்றுதான் அக்கா கேட்கிறார் எனத் தெரிந்ததும், "ஒண்ணும் வேணாம்த்தா" என்று வைத்துவிட்டார். எட்டு வருடத்தில் வாசலில் வைத்து ஒருவர்கூடச் சொல்லாத வார்த்தை அது.

எனக்கும் போன் வந்தது.

"வணக்கம் மேடம், அமுதவள்ளி பேசுறேன். இன்னைக்கு வரலாமா?"

மேடம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்பில் குழம்பு வேறு கொதித்தது. "ரெண்டு பேஸ்ட் பிரிக்காம இருக்குக்கா, அடுத்த மாசம் பாப்போம்" என்றேன். "சரிங்க" என்றார். அவர் வைக்கவில்லை, நான்தான் வைத்தேன்.

நான்கு செவ்வாய் போனது, அக்கா வரவில்லை. ஐந்தாவது வாரம் டவுனுக்குப் போனவள் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். "அக்கா, உள்ள இருக்கீகளா?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தேன். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் பையை வைத்து, தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த நோட்டு. பதினோரு வீட்டுப் பெயருக்கு எதிரிலும் ‘வேண்டாம்’ என்று அழகான கையெழுத்து. என் பெயர் நான்காவதாக இருந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"செவ்வாக்கிழம வாங்கக்கா."

"என்ன சாமான்னு எழுத?"

"பேஸ்ட்."

"அதான் ரெண்டு இருக்கே உன்கிட்ட."

"அப்ப சும்மா வாங்க."

"சும்மா வர நான் என்ன சொந்தமா தங்கச்சி?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரே பேனாவை எடுத்து ‘பேஸ்ட் – 1’ என்று எழுதிக்கொண்டார்.

செவ்வாயன்று சொன்ன நேரத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார், நான் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். முதலில் பையைத் திறந்து பேஸ்ட்டைக் கையில் கொடுத்தார். தண்ணீர் குடித்தார். ஆயாத கீரை முறத்தில் அப்படியே கிடந்தது, நான் வேண்டுமென்றே வைத்திருந்தேன். அதைப் பார்த்தார்.

"வந்த வேல முடிஞ்சிருச்சு தங்கச்சி, வாரேன்" என்று எழுந்துவிட்டார்.