நனைந்த நாய்க்கு ஒரு வகுப்பு

அலுவலகத்தில் அவருக்கு முடி என்று பெயர். அனிமேஷன் படங்களில் வரும் கரடி, பூனை, நாய் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் முடி முளைக்க வைப்பது அவர் வேலை. சொந்தத் தலையில் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. முன்பு பக்கத்து மேசையில் இருந்தவர் தண்ணி. குளம், மழை, கடல் எல்லாம் அவர் கைவண்ணம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதரைத் தண்ணி என்று கூப்பிடுவதில் எல்லாருக்கும் ஒரு அற்ப சந்தோஷம்.

இருவரும் வாடா போடா சிநேகிதர்கள். தண்ணி வேறு நாட்டு வேலைக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பிறந்தநாள் வாழ்த்து தேய்ந்து கட்டைவிரல் படமாகி, பிறகு அதுவும் நின்றுபோனது. முடிக்குக் கல்யாணப் பேச்சு வந்த வழியே போய்விட்டது. அண்ணன் ஒருவர் உண்டு. விசேஷம் என்றால்தான் கூப்பிடுவார். விடுமுறை நாட்களில் மனுஷன் வாய் திறப்பது பல் தேய்க்க மட்டுமே. தனிமை பிடுங்கித் தின்றது.

அப்போதுதான் கணினி வரைகலை மாநாட்டிலிருந்து அரைநாள் வகுப்புகளுக்கு முன்மொழிவு கேட்டு அறிவிப்பு வந்தது. முடிக்கு ஒரு தலைப்பு தோன்றியது: குளத்திலிருந்து ஏறி உடம்பை உதறும் நாயை உருவாக்குவது எப்படி? இதற்கு முடிக்காரனும் வேண்டும், தண்ணிக்காரனும் வேண்டும். சாக்கு கிடைத்த தைரியத்தில் தண்ணிக்கு எழுதிப் போட்டார். அன்றே தண்ணி கூப்பிட்டார்.

"பண்ணலாம்டா. வகுப்பு எடுக்கறவங்களுக்குத்தான் எங்க ஆபீஸ்ல டிக்கெட் போடுவாங்க. இதை விட்டா நாம எங்க பாத்துக்கறது?"

அதன் பிறகு சனிக்கிழமை காலைகளில் வீடியோ அழைப்பு. வகுப்புக்கு வருகிறவர்களுக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், யார் எந்தப் பகுதியைச் சொல்வது, என்னென்ன பயிற்சி கொடுப்பது, ஈர முடி எங்கே கற்றையாக ஒட்டும் என்று பாதி நேரம் வேலை. மீதி நேரம் பழைய மேனேஜரின் நடையை நினைத்துச் சிரிப்பு. முடி வெள்ளிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைப்பார்.

முன்மொழிவு சீக்கிரமே தயாராகிவிட்டது. அதை அனுப்பிவிட்டால் சனிக்கிழமைக்கு என்ன செய்வது? முடி குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார்.

"மூணாவது பயிற்சி கொஞ்சம் இடிக்குதுடா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"நாளைக்குக் கடைசி தேதிடா."

"எந்த வருஷம் தள்ளிப் போடாம இருந்திருக்காங்க?"

அது உண்மைதான். இந்தத் தொழிலில் முதலில் சொல்லும் தேதியை யாரும் மதிப்பதில்லை. கடைசி நேரத்தில் 'பலரின் வேண்டுகோளுக்கு இணங்க' ஒரு வாரம் கூட்டித் தருவார்கள். எல்லாரும் அதை நம்பித்தான் தூங்குவார்கள். தண்ணியும் நம்பினார்.

இந்த வருடம் யாரோ கறாரான ஆள் பொறுப்புக்கு வந்திருக்க வேண்டும். தேதி முடிந்ததும் இணையப் பக்கத்தைச் சாத்திவிட்டார்கள். முடி கெஞ்சி எழுதிய மின்னஞ்சலுக்கு 'அடுத்த ஆண்டு முயலவும்' என்று பதில் வந்தது.

தண்ணியிடம் விஷயத்தைச் சொன்ன முடி, மிச்சத்தையும் ஒப்புக்கொண்டார்.

"மூணாவது பயிற்சில ஒண்ணும் இல்லடா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அனுப்பிட்டா நீ பேச மாட்டியேன்னு..."

தண்ணிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"லூசாடா நீ? நேர்லயே பாத்திருப்போம். பேசணும்னா சும்மா கூப்பிட வேண்டியதுதானே?"

நாலு சனிக்கிழமை காலைக்காக, எதிரும் புதிருமாக உட்கார வேண்டிய நாட்களைத் தானே கெடுத்துக்கொண்டோமே என்று முடி தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் 'சும்மா கூப்பிடு' என்று வாய் நிறையச் சொல்லிவிட்டானே. அடுத்த சனிக்கிழமை இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

"சொல்லுடா. அடுத்த வருஷத்துக்கு இப்பவே ஆரம்பிக்கிறியா?"

"இல்லடா. சும்மாதான்."

தண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏன்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"