கூறைச் சேலையின் மணம்

அம்மா றங்குப்பெட்டியைத் திறந்ததும் பூச்சி அரிக்காமல் போட்டு வைத்த நப்தலின் உருண்டையின் மணம் அறை முழுக்கப் பரவியது. என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இன்று முப்பத்தோராம் நாள், பிறந்த தீட்டு நீங்கும் துடக்குக் கழிவு.

அந்த மணத்தோடு தம்பி நினைவில் வந்தான். அவனுடைய துடக்குக் கழிவன்றும் அம்மா இதே பெட்டியிலிருந்து எடுத்த தன் கூறைச் சேலையால்தான் அவனைச் சுற்றினார். எங்கள் வீட்டு வழக்கம் அது. அவனுக்கு அக்காவான எனக்கு அப்போது ஏழு வயது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் மாமி வந்து பார்த்து, "என்ன வடிவான பிள்ளை!" என்றார். அடுத்தடுத்த நாட்களில் தம்பியின் கண்கள் மஞ்சளாயின. சிறுநீர் பால் விடாத வெறுந்தேத்தண்ணி போலக் கறுத்து வந்தது. அந்தக் கிழமையே போய்விட்டான்.

"அவளின்ரை கண்தான்" என்றார் அம்மா. பாக்கியம் மாமி சாகும்வரை அம்மா அவருடன் கதைக்கவேயில்லை.

போன கிழமை பேரனின் இரத்தத்தைச் சோதித்த டொக்டர் சொன்னார்: "நப்தலின் போட்டு வைச்ச துணியைப் பிள்ளைக்குக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ. சில ஆம்பிளைப் பிள்ளையளின்ரை இரத்தத்தை அது உடைச்சுப்போடும், கண் மஞ்சளாப் போகும். தாய்வழியாலை வாற குறை."

அம்மா சேலையை நீட்டினார். "இந்தா பிள்ளை, பேரனைச் சுத்து."

"வேண்டாமம்மா."

"ஏன், ஆரின்ரையேன் கண் பட்டுப்போடும் எண்டு பயமோ?"

"ஓமம்மா" என்றேன்.