கேட் மூடுவதற்குள் ஒரு குதிரை

குதிரைப் பந்தயம் கட்டுகிறவர்களைப் போல விழுந்து விழுந்து படிக்கிற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முப்பது வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பப்ளிக் பரீட்சைக்கு முந்தின நாள்கூட ஒரு பிள்ளை அப்படிப் படித்ததில்லை. சனிக்கிழமை மத்தியானம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பாருங்கள். ரேஸ் புக்கை நீளவாக்கில் மடித்து, பேனாவால் சுழித்து, அடித்து, திரும்பவும் சுழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து ஆள் எட்டிப் பார்த்தால் உள்ளங்கையை வைத்து மறைப்பார்கள். எல்லாரும் படிப்பது ஒரே புத்தகம், இதில் மறைக்க என்ன இருக்கிறது? கிண்டி வந்ததும் சம்பள நாள் மாதிரி இறங்கி ஓடுவார்கள். சாயங்காலம் அதே ரயிலில், அதே புத்தகத்தால் விசிறிக்கொண்டு, ஜாக்கி வேண்டுமென்றே இழுத்துப் பிடித்துவிட்டான் என்று ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். தப்பு தன் மேல் என்று சொன்ன ஒரு மனுஷரை நான் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

அவரைப் பற்றி வேறு குறை சொல்ல எனக்கு வழியில்லை. அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குடி, சிகரெட் கிடையாது. பந்தயத்தில் அவர் கட்டுகிற தொகையைச் சொன்னால் குதிரைக்கே சிரிப்பு வரும், அதனால் பணம் போகிறதே என்று நான் அழவும் முடியாது. எனக்கு அவமானம்தான் பிரச்சினை. கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் இருக்கும் காலனி முழுக்க டீச்சர்களும் பேங்க்காரர்களும். சனிக்கிழமையானால் யாராவது கேட்டில் நின்று, "சார் இல்லையா டீச்சர்?" என்பார்கள். ரேஸுக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வாய் கூசும். கோயிலுக்குப் போயிருக்கிறார் என்பேன். இப்படியே பல வருஷம் அவரைப் பெரிய பக்திமானாக ஆக்கி வைத்திருந்தேன்.

அவருக்கு அங்கே ஒரு கூட்டாளி உண்டு. கூடுவாஞ்சேரிக்காரர். அவர்கள் குடும்பத்தின் நெல் வயலெல்லாம் இப்போது லேஅவுட். அந்த வாரம் எந்த மனை விற்றதோ அந்த நம்பர் குதிரையில் கட்டுவார். முப்பத்தேழாம் மனை விற்றால் மூன்றையும் ஏழையும் கூட்டிப் பத்தாம் நம்பர். இதை என்னிடமே, ஒரு கணக்கு டீச்சரிடமே, கூச்சமில்லாமல் விளக்கினார். பத்து விரலில் ஆறு மோதிரம், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ரேஸ் புக். படிக்காத முட்டாளைவிடப் பணமுள்ள முட்டாள் எனக்கு எப்போதும் எரிச்சல்.

நான் ரேஸ் புக்கைத் திறந்ததே கேலி செய்யத்தான். வீட்டுக்காரர் குளிக்கப் போயிருந்தபோது புரட்டினேன். ஒவ்வொரு குதிரைக்கும் கடைசியாக ஓடிய பந்தயங்கள், தூரம், எத்தனையாவதாக வந்தது, எவ்வளவு பின்னால் வந்தது, முதுகில் எத்தனை கிலோ சுமந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நன்றாக ஓடுகிற குதிரைக்கு அதிகச் சுமை, சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமை. எல்லாம் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்று ஒருத்தர் உட்கார்ந்து எடை போட்டுத் தருகிறார். அந்த எடையில் அவர் எங்கே தப்புப் பண்ணியிருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டே. போன தடவை இரண்டு குதிரை நீளம் பின்தங்கியது, இந்தத் தடவை நாலு கிலோ குறைவாகச் சுமக்கிறது என்றால் முந்துமா? இது விகிதக் கணக்கு. என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக்கூட வரும்.

இந்தக் கணக்கை அந்த ரயிலில் ஒருத்தரும் போடுவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. புத்தகத்தில் அத்தனையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது, இவர்கள் குதிரையின் பெயரையும் மனை நம்பரையும் பார்த்துச் சுழித்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் இன்னும் மோசம். அவர் புத்தகத்தைப் படிப்பதே இல்லை. பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுவார்களே, பேடக் என்பார்கள், அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று குதிரைகளைப் பார்ப்பாராம். பார்த்தால் தெரியுமாம்.

"என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னிக்கு ஓடணும்னு இருக்கா இல்லையான்னு தெரியும்."

"குதிரை உங்க காதுல வந்து சொல்லுமா?"

"காதைத்தான் பார்க்கணும். குதிரையோட காதை" என்றார். சிரிக்காமல் சொன்னார், அதுதான் கொடுமை.

இரண்டு மாதம் தாம்பரம் ஸ்டேஷன் கடையில் நானே புக் வாங்கினேன். விடைத்தாள் திருத்துகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அதில்தான். நோட்டில் கட்டம் போட்டு எடை, தூரம், வித்தியாசம் என்று நிரப்பினேன். எனக்கே ஒரு திமிர் வந்துவிட்டது. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சவால் விட்டேன். பன்னிரண்டு ரேஸ் நாள். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு பந்தயம், நாலாவது பந்தயம். ஆளுக்கு ஒரு குதிரை. சொன்ன குதிரை ஜெயித்தால் ஒரு புள்ளி. கடைசியில் எனக்கு ஒரு புள்ளி கூடுதலாக இருந்தால் அவர் இனி ரேஸ் பக்கமே போகக் கூடாது. சமமாக வந்தாலோ அவர் ஜெயித்தாலோ நான் இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "சரி" என்றார்.

விதிகளை வெள்ளைத்தாளில் எழுதியது நான்தான். என் குதிரையைக் காலையிலேயே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுவேன். அவர் பேடக்கில் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்ல வேண்டும். கடைசிக் குதிரை ஸ்டார்ட்டிங் கேட்டுக்குள், ஓட்டம் தொடங்குகிற அந்தக் கூண்டுக்குள், போவதற்குள் என் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் அந்த நாள் அவருக்குக் கிடையாது. அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் விட்டுப் போன பழைய லேப்டாப்பில் நான் நேரலை பார்ப்பேன். முதல் மூன்று நாளில் எனக்கு இரண்டு புள்ளி, அவருக்கு ஒன்றுமில்லை. கூடுவாஞ்சேரிக்காரர் ஃபோனை வாங்கிப் பேசினார்: "இன்னா டீச்சர், சாரை வூட்டாண்ட ஒக்கார வெச்சிட்டுத்தான் வுடுவீங்க போலகீது!" நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு வீட்டுக்காரர் மெல்ல மேலே வந்தார். ஏழாவது நாள் என் கணக்கில் கடைசியாக வர வேண்டிய ஒரு கிழக் குதிரையைச் சொன்னார், அது ஜெயித்தது. அதிர்ஷ்டம் என்றேன். "இருக்கலாம்" என்றார். அவர் ஒத்துக்கொண்டது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

எட்டாவது நாள், "ஒரு தடவை வந்துதான் பாரேன்" என்று கூப்பிட்டார். புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு போனேன். காகிதக் குப்பை, சுண்டல் பொட்டலம், பணம் கட்டுகிற ஜன்னலில் முண்டியடிக்கிற ஆண்கள், பொத்தேரிப் பக்கத்திலிருந்து கிளாஸைக் கட் அடித்துவிட்டு வந்திருந்த காலேஜ் பையன்கள் நாலு பேர், "மச்சான், ஃபேவரிட்ல போட்றா!" என்று கத்திக்கொண்டு. நான் நினைத்த மாதிரியே எல்லாம் கேவலமாகத்தான் இருந்தது.

ஆனால் பேடக் கம்பி ஓரத்தில் அவர் நின்ற இடம் வேறு மாதிரி இருந்தது. அங்கே அவர் யாருடனும் பேசவில்லை. குதிரைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகப் போக, ஒவ்வொன்றையும் தலையிலிருந்து குளம்பு வரை பார்த்தார். ஒரு சிவப்புக் குதிரை தலையை உதறியது. இவர் முகம் அப்படியே மலர்ந்தது. வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என்னை அவர் ஒருநாளும் அப்படி நின்று பார்த்ததில்லை. எனக்குப் பொறாமை வந்தது. குதிரையைப் பார்த்து ஒரு பெண்பிள்ளைக்குப் பொறாமை. வெட்கம் கெட்ட விஷயம்தான், ஆனால் அதுதான் நடந்தது. வெயில் தாங்கவில்லை என்று சொல்லி நான் பாதியில் கிளம்பிவிட்டேன்.

பன்னிரண்டாவது நாளுக்கு வந்தபோது எனக்கு நாலு, அவருக்கு மூன்று. அவர் குதிரை ஜெயித்தால் சமம், சமம் என்றால் அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். காலையில் நான் இரண்டாம் நம்பரை எழுதி ஒட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல குதிரை" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நாலாவது பந்தயம். நான் ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். குதிரைகள் பேடக்கை விட்டு அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தன. ஃபோன் அடித்தது. அவர்தான். கை நீட்டினால் எடுத்துவிடலாம். நான் எடுக்கவில்லை.

இப்படிச் செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டெல்லாம் உட்காரவில்லை. முதல் ரிங்கில், இரு, இரண்டு ரிங் போகட்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு மூன்று. அது நின்றது. திரும்ப அடித்தது. திரையில் குதிரைகள் ஸ்டார்ட் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. நான் ஃபோனில் அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவும் நின்றது. மூன்றாவது தடவை அடிக்கும்போது குதிரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் குதிரை முரண்டு பிடித்தது. நாலு ஆள் பின்னாலிருந்து தள்ளினார்கள். அது உள்ளே போய்க் கதவு மூடினதும் பச்சையை அழுத்தினேன்.

"பதினொண்ணு" என்றார். மூச்சு வாங்கியது.

"கேட் மூடியாச்சுங்க."

"சரி" என்றார்.

பதினொன்று ஜெயித்தது. நூலிழையில் எல்லாம் இல்லை, மூன்று குதிரை நீளம் தள்ளி. என் இரண்டாம் நம்பர் எங்கேயோ கூட்டத்தில் வந்தது. நான் எழுந்து நின்று கை தட்டினேன். அதை இப்போது எழுதும்போது என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் வந்து கால் கழுவிவிட்டு, "நீ ஜெயிச்சுட்ட" என்றார். மறுநாள் பரணில் இருந்த பழைய ரேஸ் புக்குகளை இறக்கிப் பேப்பர்காரனுக்குப் போட்டார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி பார்த்தார். காலனியில் யாரோ, "சார் இல்லையா?" என்று வந்தார்கள். "இருக்கார், வாங்க" என்றேன். நான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். ஒன்றும் இனிக்கவில்லை.

மூன்றாவது வாரம் கூடுவாஞ்சேரிக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். வீட்டுக்காரர் மார்க்கெட் போயிருந்தார். காப்பி கொடுத்தேன். உட்காரவில்லை.

"டீச்சர், நான் படிக்காதவன். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு சார் மொத தபா ஃபோன் அடிக்க சொல்ல குதுர இன்னும் பேடக் வாசல்லதான் கீது. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். மூணு தபா அடிச்சாரு. நேரம் ஃபோன்லயே கீதே, வூட்ல காட்டு சார்னு சொன்னேன். வேணாம்ட்டாரு. அவ அடுப்பாண்ட இருந்திருப்பா, கேட்டிருக்காதுன்னாரு." டம்ளரைக் கீழே வைத்தார். "அடுப்பாண்டதான் இருந்தீங்களா டீச்சர்?"

மனை நம்பரைக் கூட்டிப் பார்த்துப் பந்தயம் கட்டுகிற ஆள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பினது போலத் தலையாட்டிவிட்டுப் போனார், பெரிய மனுஷர்.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் காய்கறிப் பையைத் தரையில் கொட்டித் தக்காளியைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நான் அடுப்படியில இல்லை. ஃபோன் பக்கத்துலயேதான் இருந்தேன். வேணும்னேதான் எடுக்கலை."

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீ பொய் சொல்ற ஆள் கிடையாது. நீயே அவ்வளவு தூரம் இறங்கினா, நான் போறது உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கணும்னு நினைச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "போங்க. வர்ற சனிக்கிழமையே போங்க. நான் தோத்துட்டேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றேன்.

ஒரு தக்காளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அழுகியிருந்தது. ஓரமாக வைத்தார்.

"வேண்டாம்மா" என்றார். "அன்னிக்கப்புறமும் ஒரு நாள் போனேன். உங்கிட்ட வாக்கிங்னு சொல்லிட்டுப் போனேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னேன். ஒரு குதிரையும் கண்ணுல படலை. நீ ஃபோனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறதுதான் தெரிஞ்சுது."