உப்புப் பார்க்காத தளிகை

யமுனா, தரணி, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரையும் சேவித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உங்கள் அத்தை, என் அக்கா, திருநாட்டுக்குப் போய் இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. செத்துப்போனார் என்று நாங்கள் சொல்லுவதில்லை. பெருமாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதைத்தான் அப்படிச் சொல்வோம். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். மலரில் போட அத்தையைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது நானே எழுதுகிறேன் என்று சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. உங்கள் இரண்டு பேரிடமும் எட்டு மாசம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை இதில் எழுதிவிட வேண்டும்.

அத்தை பிறந்தது வல்லம் வடகால் பக்கத்தில் இதே ஊரில்தான். இன்றைக்கு நீலக் கூரை போட்ட பெரிய கம்பெனி நிற்கிற இடத்தில் எங்களுக்கு நெல் விளைந்தது. அத்தை எட்டாவதோடு படிப்பை விட்டுக் களை எடுக்கப் போனார்கள். கல்யாணமாகிக் குன்றத்தூர் போனார்கள். மாமா லாரி மெக்கானிக். அமைதியான மனுஷர், வாரம் தவறாமல் ஸ்ரீபெரும்புதூர் போய், ஆசாரியர்களுக்கெல்லாம் ஆசாரியரான உடையவர் சந்நிதியில் நின்றுவிட்டு வருவார். அவரோடு சேர்ந்துதான் அத்தையும் சமாசிரயணம் செய்துகொண்டார்கள். ஆசாரியர் சங்கும் சக்கரமும் நெருப்பில் காய்ச்சி இரண்டு தோளிலும் ஒற்றுவார். இனி நீ பெருமாளுடைய ஆள் என்று அதற்கு அர்த்தம். பிள்ளை இல்லை. மாமாவும் போன பிறகு அத்தை இங்கே திரும்பி வந்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினோரு வருஷம் சமைத்தார்கள். நிலம் போனதற்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் நாலு ரூம் கட்டி, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

அத்தை சமையலைச் சமையல் என்று சொல்ல மாட்டார்கள், தளிகை என்பார்கள். பெருமாளுக்குத் துளசி போட்டுக் காட்டிய பிறகுதான் நமக்கு. அதற்கு முன்னால் வாயில் வைத்து உப்பு, உறைப்பு பார்க்கக் கூடாது. கேன்டீனில் கரண்டிக்குக் கரண்டி ருசி பார்த்த கை, வீட்டில் ஒரு சொட்டு நாக்கில் வைக்காது. ஒரு நாள் சாம்பாரில் உப்பே இல்லை. தரணி முகத்தைச் சுளித்தான். "அவரே ஒண்ணும் சொல்லாம சாப்ட்டுட்டாரு, உனக்கு இன்னாடா?" என்று அத்தை கேட்டது அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

மாசா மாசம் திருவாதிரை அன்றைக்குப் புளியோதரை. உடையவர் பிறந்த நட்சத்திரம். ரூம் பெண்கள், ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், தெருவில் போகிறவர்கள், யார் வந்தாலும் இலை உண்டு. யமுனா ஒரு முறை, சரணாகதி என்றால் என்ன அத்தை என்று கேட்டாள். அத்தை கம்பெனி பஸ்ஸைக் காட்டிச் சொன்னார்கள். ஏறி உட்கார்ந்துவிட்டால் அதன் பிறகு நாம் ஓட வேண்டியதில்லை, கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓட்டுகிறவர் பாடு. நம்மால் முடியாது, நீயே கதி என்று ஏறுவதுதான் நம்முடைய வேலை. எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. நானும் சமாசிரயணம் செய்துகொள்கிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். ஆசாரியரிடம் கேட்டு, அடுத்த மாசம் நாள் வைத்தார்கள்.

அதற்கு முந்தின திருவாதிரை அன்றுதான் அது நடந்தது.

பின் ரூமில் செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்து ஊர், முப்பது வயசு இருக்கும், போன் பாகம் செய்கிற கம்பெனியில் லைனில் வேலை. அத்தையை அம்மா என்றே கூப்பிட்டுப் பழகி, அவளும் ஆசாரியரிடம் போய்ச் சமாசிரயணம் செய்துகொண்டவள். அன்றைக்கு அத்தைக்கு மூட்டு வலி, அதனால் புளிக்காய்ச்சல் கிளறச் சொல்லி அவளை அடுப்படியில் விட்டிருந்தார்கள். நான் உள்ளே போனேன். நம் வீட்டுத் தளிகையில் வேறு கை. வாசற்படியில் நின்றுகொண்டு அவளிடம் கேட்டேன்: "நீங்க இன்னா ஆளுங்க?"

இந்தப் பக்கத்தில் அப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். செல்வி அடுப்பை அணைத்தாள், சட்டியை மூடினாள், கை கழுவிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். போகும்போது ரவிக்கைக் கைக்குக் கீழே சக்கரத்தின் தழும்பு தெரிந்தது.

மறுநாள் ரூமைக் காலி செய்தாள். அத்தை எவ்வளவோ கேட்டும் நிற்கவில்லை. உங்கள் மேல் வருத்தமில்லை, ஆனால் உங்கள் தம்பி வந்து போகிற வீட்டில் அடுப்பு பற்றவைக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டுச் சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

நான் செக்யூரிட்டி வேலை செய்கிறவன். வருகிறவர் போகிறவரை எல்லாம் யார், எங்கிருந்து என்று கேட்டுக் கேட்டு வாய் பழகிவிட்டது என்று அக்காவிடம் சமாளித்தேன்.

"இது கம்பெனி கேட் இல்லடா. தோள்ல சங்கு சக்கரம் கீது பாத்தியா, அதான் அவ ஐடி கார்டு. அதுக்கு மேல கேக்க நீ யாரு?"

அடியாரிடம் பிறப்பைக் கேட்பது நம் சம்பிரதாயத்தில் பெரிய குற்றம். பெருமாளிடம் தப்பு செய்தால் அவர் பக்கத்தில் இருக்கிற தாயார் எடுத்துச் சொல்லி மன்னிக்க வைப்பாள். அடியாரிடம் செய்த தப்புக்கு அந்த அடியாரே மன்னிக்க வேண்டும். பெருமாள்கூட நடுவில் வர மாட்டார். அக்கா இதையும் பஸ்ஸை வைத்தே சொன்னார்கள்: "கூட உக்காந்து வர்றவளைக் கீழ தள்ளிட்டு, டிரைவரைப் பாத்து சிரிச்சா வண்டிய எடுப்பாராடா?"

அவள் மன்னிக்காமல் ஆசாரியரிடம் போகாதே என்று, வைத்திருந்த நாளை நிறுத்திவிட்டார்கள். திருவாதிரைப் புளியோதரையும் நின்றது. தன் வீட்டு வாசலில் நடந்தது, தனக்கும் அதில் பங்கு உண்டு என்றார்கள். பெருமாளுக்குத் தினசரித் தளிகை மட்டும் நடந்தது. ஏன் அத்தை புளியோதரை செய்வதில்லை என்று நீங்கள் கேட்டபோது, அத்தைக்கு மூட்டு வலி என்றேன். அதுதான் நான் சொன்ன பொய். ஒவ்வொரு திருவாதிரைக்கும் சொன்னேன்.

நான் ஏன் போய் மன்னிப்புக் கேட்கவில்லை? வெட்கம். அதோடு, ஊரில் எல்லாரும் கேட்கிறதைத்தானே கேட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு வீம்பு. அக்கா திட்டவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. டீ போட்டுத் தருவார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அது நடந்து எட்டாம் மாசம் அத்தைக்குச் சிறுநீரகம் பழுது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் எங்களிடம் சொன்னார். சாப்பாடு இறங்கவில்லை. "வெளிச் சோறு வேணாம்டா, பெருமாளுக்குக் காட்டாதது தொண்டையில இறங்கல," என்றார்கள். உங்கள் அம்மா வீட்டிலிருந்து செய்துகொண்டு போனாள். இரண்டு பருக்கைக்கு மேல் போகவில்லை. மூன்றாம் நாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் முன்னாடி போயி உனக்கு எடம் போட்டு வெச்சிருப்பேன். நீ வருவியா, மாட்டியா?" என்று கேட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் டிவிஎஸ் பிப்டியை எடுத்துக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனேன். டீக்கடை எதிரில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. செல்வி டிபன் பையோடு வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா கற்றுக்கொடுத்த மாதிரி, யூனிபார்மோடு அந்த ரோட்டோரத்தில் விழுந்து சேவித்தேன்.

"ஏ அண்ணாச்சி, எந்திரிங்க. பஸ்ஸுல இருக்கவ எல்லாம் பாக்காவ."

எழுந்து, தப்பு செய்துவிட்டேன் என்றேன்.

"ரூம் பாக்கப் போன எடத்துல எல்லாம் கேட்டானுவ. எனக்கு அது புதுசு இல்ல," என்றாள். "அம்மா வீட்டுலதான் ஒருத்தரும் கேக்கல. அதையும் நீங்க கேட்டுட்டிய." டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டாள். பிறகு, "அம்மா எப்படி இருக்காவ?" என்றாள்.

சொன்னேன். பஸ் ஹாரன் அடித்தது. சூப்பர்வைசருக்கு லீவு என்று போனில் சொல்லிவிட்டு, அவளை விட்டுப் புறப்பட்ட பஸ்ஸைக்கூடப் பார்க்காமல் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வழியில் ஒரு இடத்தில், "நான் மன்னிச்சுட்டேன் அண்ணாச்சி. இனி யார்ட்டயும் கேக்காதிய," என்றாள். அவ்வளவுதான்.

அத்தை வீட்டில் குளித்துவிட்டு அவளே குழைய வடித்து, தயிர் கலந்து, துளசி போட்டுப் பெருமாளுக்குக் காட்டி, தூக்கில் எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அத்தை அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"உப்பு பாத்தியாடி?"

"பாக்கலம்மா."

அத்தை ஐந்து வாய் சாப்பிட்டார்கள். மிச்சத்தை எனக்குத் தரச் சொன்னார்கள். செல்வி பிசைந்து கையில் வைக்க, நான் வாங்கிச் சாப்பிட்டேன். உப்பு கம்மிதான். அதைப் போல ஒரு சாப்பாடு அதற்கு முன்பு நான் சாப்பிட்டதில்லை.

அதன் பிறகு டாக்டரிடம் சொல்லி அத்தையை வீட்டுக்குக் கூட்டி வந்தோம், இருபது நாள் இருந்தார்கள். அதற்குள் நான் ஸ்ரீபெரும்புதூர் போய் ஆசாரியரிடம் சமாசிரயணம் செய்துகொண்டு வந்தேன். சட்டையை விலக்கித் தோளைக் காட்டினேன். விரல் நுனியால் தொட்டு, "எரியுதா?" என்று கேட்டார்கள். லேசாக என்றேன். "போவும்," என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். கடைசித் தீர்த்தத்தை ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் செல்வியும் விட்டோம்.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அத்தையைச் சேர்த்துக்கொண்ட ஆசாரியருக்கும், முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும், தினமும் உடம்பு துடைத்துவிட்ட உங்கள் அம்மாவுக்கும், ஓடி ஓடி வந்த கேன்டீன் சகோதரிகளுக்கும், ஓவர்டைமை விட்டுவிட்டு வந்து நின்ற ரூம் பெண்களுக்கும் கைகூப்புகிறேன். யார் அந்தப் பெண், தீர்த்தம் விட அவள் என்ன முறை என்று அன்றைக்குக் கேட்ட பங்காளிகளுக்கும் நன்றி. கேட்டாலும், அவளும் அடியார் என்று நான் பதில் சொன்னதும் தோள் கொடுத்துத் தூக்கினீர்கள்.

இன்றைக்குத் திதி முடிந்ததும் எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். திருவாதிரைப் புளியோதரையும் இந்த மாசத்திலிருந்து மறுபடி உண்டு. தளிகை செல்வி. உப்பு கூடக் குறைய இருந்தால் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பெருமாள் சாப்பிட்டாகிவிட்டது.

அடியேன்,
உங்கள் அப்பா