உப்பில் வைத்த சதை

மூடி சரியாக இறுகாத ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. விளிம்பு வரை எங்கள் மரக்காணத்துக் கல்லுப்பு. புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்து மேஜையில் அதை வைத்துவிட்டு, என் தாய்மாமா பெருமையாகத்தான் நின்றார். உள்ளே இருந்தது அவர் மனைவி, என் அத்தையின் பெருங்குடலிலிருந்து அறுத்தெடுத்த கட்டியின் துண்டு. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் சனிக்கிழமை நடந்தது. திங்கட்கிழமை எங்களிடம் சேர்க்கச் சொல்லி, சதை கெடாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் போட்டு மாமா கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அந்த நெடி எல்லோர் கண்ணையும் எரித்திருக்கிறது. விற்காமல் மிஞ்சிய மீனுக்குச் செய்வதையே மாமா இதற்கும் செய்துவிட்டார். "அந்தத் தண்ணிய கொட்டிட்டேம்மா. கெட்டுப் போவக்கூடாதுன்னு உப்புல பொதச்சு எடுத்தாந்தேன்" என்றார். உப்பளத்திலேயே வளர்ந்த மனுஷன். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அத்தை பெரிய வாயாடி. நான் ஊருக்குப் போனால், "ரத்தம் உறிஞ்சுற மகராசி வந்துட்டா, கைய மறச்சுக்கோங்கடி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவாள். நோய் வந்த பிறகு அவளுக்கு ஒரே கேள்விதான். அவளுடைய அப்பாவும் குடல் புற்றுநோயில் போனவர். நான் அவளுக்கு ரத்தம் எடுத்த அன்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாரு எனக்குக் குடுத்தாரு. நான் எம்பொண்ணுக்குக் குடுத்துட்டேனா? அத மட்டும் பாத்துச் சொல்லிடு." மகளுக்குக் கீழ்புத்துப்பட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம் அது.

உப்பு அந்தச் சதையின் நீரை உறிஞ்சி, செல்களைச் சுருங்க வைத்திருந்தது. புற்றுநோய்தான் என்று எங்கள் டாக்டரால் சொல்ல முடிந்தது. பரம்பரையாக வந்ததா என்பதற்குத் தடயம் காட்டும் சாயம் மட்டும் அதில் பிடிக்கவே இல்லை. மிச்சமிருந்த வழி டி.என்.ஏ. பரிசோதனை. அதற்குச் சென்னையில் உள்ள பெரிய கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்களோ, பார்மலினில் இல்லாத சதையை வாங்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் போன் மேல் போன் போட்டு, கெஞ்சி, மறுபடி அனுப்பினார். அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

அத்தையால் காத்திருக்க முடியவில்லை. இன்னொரு குடும்பத்தை ஏமாற்றக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு, தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் மரியாதையாகவே எழுந்து போனார்கள், திரும்பி வரவில்லை. அதன் பிறகு அத்தை யாரையும் கேலி செய்து நான் பார்க்கவில்லை. சில வாரங்களில் போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு முடிவு வந்தது. நம் செல்லில் சில மரபணுக்கள், டி.என்.ஏ.வில் விழும் எழுத்துப் பிழைகளைப் பழுது பார்க்கும் வேலை செய்பவை. கட்டிக்குள் சில சமயம், டி.என்.ஏ. எழுத்து எதுவும் மாறாமலே, அப்படி ஒரு மரபணுவின் மேல் மெத்தில் என்னும் சிறு ரசாயனத் துணுக்குகள் அளவுக்கு மீறி ஏறி, அதைப் பூட்டிவிடும். அத்தையின் கட்டியில் அந்தப் பூட்டு இருந்தது. அவள் ரத்தத்தில் இல்லை. அப்படியென்றால் அது பெரும்பாலும் வயதோடு கட்டிக்குள் விழுந்த பூட்டு, அப்பா கொடுத்ததல்ல, மகளுக்குப் போவதுமல்ல. அந்தத் தாளைப் படித்துவிட்டு நான் அழுதேன். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

போன மாதம் மரக்காணம் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறதாம். மகள்தான் சோறு போட்டாள். "அப்பா இப்பல்லாம் உப்பே சேத்துக்கறதில்ல" என்றாள். பகலெல்லாம் பாத்தியில் உப்பு வாருகிற மனுஷன்! அவள் உள்ளே போனதும் மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அன்னிக்கி நான் உப்புல போடாம இருந்திருந்தா, அவ இருக்கறப்பவே தெரிஞ்சிருக்குமாம்மா?"

தெரிந்திருக்கும். சென்னைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

"உப்புலயும் டி.என்.ஏ. கெடாது மாமா. அதுல இருந்துதான் கண்டுபுடிச்சாங்க" என்றேன். அது பொய்யில்லை.

மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "கொஞ்சம் உப்பு எடுத்தாம்மா" என்றார். அவள் கொண்டுவந்து வைத்ததும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாதான். மாமா அதைத் திறந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.