மிச்சம் வைக்காமல் சாப்பிடு

இதில் ஒரு வரிகூட நான் கற்பனை செய்து எழுதவில்லை. நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம். 2024 டிசம்பரில் பதினேழு நாள் என் வாய்க்குள் என்ன போனது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் பேக்கரி வாசலில் கேக் வாசனை அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள்.

என் பெயர் கேசியா. சொந்த ஊர் சித்தூர். திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீசியனாக இருந்தேன். சளி, மலம், சீழ் எல்லாம் தினமும் கையில் புழங்குகிற வேலை. சட்டென்று அருவருப்புப் படுகிற ஆள் இல்லை நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு வந்த பிறகு அதுதான் முதல் டிசம்பர். 'திருப்பதியில் கிறிஸ்மஸா?' என்று சித்தூரில் எங்கள் சபையில் சிரித்தார்கள். வந்து பார்த்திருக்க வேண்டும்! பெரிய கடைகளில் எல்லாம் நட்சத்திரம் தொங்கியது. ஷாப்பிங் மாலில் இரண்டு மாடி உயரத்துக்கு மரம். பஞ்சுத் தாடி வைத்த தாத்தா தெலுங்கில் பேசி மிட்டாய் கொடுத்தார். பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் பிளம் கேக் செங்கல்போல் அடுக்கியிருந்தது. டியூட்டி முடிந்ததும் நானும் ரூபாவும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விடுவோம். சும்மா சுற்றுவோம், போட்டோ எடுப்போம், ஆளுக்கொரு துண்டு கேக் தின்போம். அதற்கு மேல், நான் போய்க்கொண்டிருந்த தமிழ்ச் சபையில் கேரல் ஆராதனைக்கு என்னைத் தனிப்பாட்டுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டிசம்பர் 22, ஞாயிறு. அம்மாவும் நைனாவும் கேட்க வருவதாக இருந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வருஷமும் இருந்ததில்லை.

ரூபா என் அறைத்தோழி. சத்தியவேடு பக்கத்துப் பெண். செல்போன் கடையில் வேலை. வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம். தமிழ் ஒரு எழுத்துகூடப் படிக்க வராது. இது முக்கியம்.

எங்கள் ஹாஸ்டல் திருச்சானூர் போகிற ரோட்டில் இருந்தது. மூன்று மாடி. எங்களுக்கு இரண்டாவது மாடியில் கடைசி அறை. டிசம்பர் 1 இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டு ஹாலில் கிறிஸ் மாம் விளையாட்டுக்குச் சீட்டுப் போட்டோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யார் பெயர் உங்கள் கைக்கு வருகிறதோ அவருக்கு நீங்கள் ரகசியமாக அம்மா. அவருக்குத் தெரியாமல் சின்னச் சின்னப் பரிசு வைக்க வேண்டும். யார் யாருக்கு அம்மா என்பதைக் கடைசி நாளில்தான் சொல்ல வேண்டும். இந்து, கிறிஸ்தவர் என்றெல்லாம் இல்லை. இருபத்திரண்டு பேரும் சேர்ந்தோம்.

டிசம்பர் 3, செவ்வாய். காலை 6.10. கதவைத் திறந்தால் வாசலில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மேலே மடித்த காகிதம். தமிழில், கோணல்மாணலான கையெழுத்து.

'செல்லத்துக்கு. மிச்சம் வைக்காமல் சாப்பிடு.'

உள்ளே சோமாஸ். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. ஓரமெல்லாம் நமத்துப்போயிருந்தது. அந்த வாரம் மழை விடவே இல்லை, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். நான்கையும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது... அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

டிசம்பர் 6, வெள்ளி. அதே 6.10. அதே பாக்ஸ். இந்த முறை கல்கல். கடித்தால் மொறுமொறுவென்று உடைய வேண்டிய பண்டம். ஒன்றை எடுத்தேன். விரலுக்கு இடையில் பிசுக்கென்று நசுங்கியது. தூக்கினால் பாக்ஸுக்கும் கைக்கும் நடுவில் வெள்ளையாக நூல் இழுத்தது. எச்சில் நூல்.

"ச்சீ! இன்னாடி அது?" என்றாள் ரூபா. "யார் குடுத்தது?"

"என் கிறிஸ் மாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு, "ஊசிப்போச்சி. தூக்கிக் கொட்டு" என்று மட்டும் சொன்னாள்.

காகிதத்தைப் பிரித்தேன்.

'மென்று வைத்திருக்கிறேன். கஷ்டப்படாமல் முழுங்கு.'

யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். கீழே போய்க் குப்பை டிரம்மில் பாக்ஸோடு போட்டுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 7. காலை 6.10. பாக்ஸ் என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ரூபா தூங்கிக்கொண்டிருந்தாள். காகிதத்தில் ஒரே வார்த்தை.

'கொட்டாதே.'

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த ஹாஸ்டலில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று வார்டன் சுலோசனா ஆன்ட்டி. நகரிக்காரர். நேராக அவரிடம் போய்க் காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தார். விரல் நுனியால் திருப்பிக் கொடுத்தார்.

"யாரோ வெளையாடறாங்க. இத வெளிய சொல்லிக்கினு திரியாதம்மா."

சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். இரண்டு முறை.

டிசம்பர் 10. பிளம் கேக். கேக் என்று சொல்ல முடியாது. கறுப்பான கூழ். நடுவில் திராட்சை. ஓரத்தில் பல் பதிந்த தடம். நான் தொடவில்லை. லேபுக்கு எடுத்துப்போனேன். ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வாயின் உள்தோல் செல்கள் குவியல் குவியலாக இருந்தன. இது கெட்டுப்போன கேக் இல்லை. யாரோ ஒருவர் வாயில் போட்டு, நிதானமாக, நன்றாக மென்று துப்பியது.

நான் அன்றைக்கே ஊருக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் 22-ம் தேதி பாட்டு இருந்தது. தினமும் ஒத்திகை இருந்தது. வருகிற பாக்ஸை எல்லாம் தெருமுனையில் வீசிவிடுவோம், இன்னும் பன்னிரண்டு நாள்தானே என்று நினைத்தேன்.

டிசம்பர் 12. விடியற்காலை 5.35. இனிப்பு ருசி. அதனால்தான் விழிப்பு வந்தது. வாய் நிறைய ஏதோ இருந்தது. வெதுவெதுவென்று... கொழகொழவென்று. பாத்ரூமுக்கு ஓடித் துப்பினேன். கறுப்புக் கூழ். திராட்சைத் தோல். பாதி தொண்டைக்குள் ஏற்கெனவே இறங்கியிருந்தது. விரலை விட்டு வாந்தி எடுத்தேன். வந்துகொண்டே இருந்தது.

முதல் நாள் இரவு நான் சாப்பிட்டது இரண்டு இட்லி.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மூக்கு, வாய் மறைய மாஸ்க் போட்டுக்கொண்டு படுத்தேன். காலையில் மாஸ்க் போட்டது போட்டபடி இருந்தது. உள்ளே வாய் நிறைந்திருந்தது.

மெஸ் சாப்பாடு பக்கமே போக முடியவில்லை. சோற்றைப் பார்த்தால் எச்சில்தான் ஞாபகம் வந்தது. தண்ணீரும் டீயும்தான். டிசம்பர் 16 அன்று லேபில் எடை பார்த்தேன். மாத ஆரம்பத்தில் 49 கிலோ. அன்று 54.

"நீ ஒன்னும் துன்ன மாட்டன்ற... ஆனா ஊதிக்கினே போறியேடி" என்றாள் ரூபா. அவள் குரலில் பயம் இருந்தது.

டிசம்பர் 18, புதன். இரவு 7.30. ஹாலில் கேக் வெட்டி, கிறிஸ் மாம் யார் யார் என்று சொன்னார்கள். என் முறை வந்தது. எழுந்து நின்றவள் ரூபா.

"நாந்தான். கிளிப்பு, ஹேண்ட் கிரீம், கம்மல்... அவ்ளோதான் நான் வெச்சது" என்றாள். பிறகு என் காதருகில் வந்தாள். "அந்த டிப்பன் பாக்ஸ் நான் இல்ல கேசியா. ரூல்ஸுன்னு அன்னிக்கு வாய மூடிக்கினேன். சத்தியமா நான் இல்ல."

அந்த இரவே நைனாவுக்கு போன் செய்தேன். வெள்ளிக்கிழமை காலை வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார்.

நடுவில் ஒரு நாள் இருந்தது.

டிசம்பர் 19, வியாழன். காய்ச்சல். லீவு போட்டுப் படுத்திருந்தேன். ரூபா என் தலைமாட்டிலேயே இருந்தாள். சாயங்காலம் 6.30-க்கு, "மாத்திர வாங்கினு ஓடியாந்துடறேன். கதவு தெறந்தே இருக்கட்டும்" என்று போனாள்.

6.41. கரண்டு போனது.

மழைச் சத்தம். கீழே யாரோ ஜெனரேட்டரைப் போடச் சொல்லிக் கத்தினார்கள்.

6.43. கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது.

யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ரூபா?"

என் காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம்.

சப்... சப்... சப்...

மெல்லுகிற சத்தம். அவசரமே இல்லாத மெல்லல்.

ஒரு கை என் தாடையைப் பிடித்தது. ஈரமாக இருந்தது. பிசுபிசுத்தது. வெல்லமும் பழைய எச்சிலும் கலந்த வாடை.

கத்த வாயைத் திறந்தேன். அதுதான் தப்பு.

விரல்கள் உள்ளே வந்தன. வெதுவெதுப்பான கூழ்... நாக்கின் மேல்.

"இன்னும் ஒரு வாய்..."

வயதான பெண் குரல். கொஞ்சுகிற குரல்.

கடித்தேன்.

முழுப் பலத்தோடு கடித்தேன். விரல் விலகவில்லை.

"அட... கடிக்கிறியே!"

குரலில் சந்தோஷம்.

"தாடை சேந்துடுச்சாம்மா? சேந்துடுச்சா?"

சப்... சப்...

உதறினேன். விழுந்தேன். இருட்டில் தவழ்ந்தேன். படி...

6.52. வெளிச்சம் வந்தது. மாத்திரையோடு வந்த ரூபா என்னைப் படிக்கட்டில் பார்த்ததாகச் சொன்னாள். என் கன்னம், கழுத்து, சட்டை எல்லாம் கறுப்புக் கூழ்.

மறுநாள் நைனா வந்தார். நான் சித்தூர் போய்விட்டேன். அங்கே எதுவும் வரவில்லை. கேரல் ஆராதனையில் வேறொரு பெண் பாடினாள்.

ஜனவரி 5, ஞாயிறு. பகலில், நைனாவும் நானும் அறையைக் காலிசெய்யப் போனோம். சுலோசனா ஆன்ட்டி அழுதுகொண்டே வந்தார்.

"மன்னிச்சிடும்மா. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்."

அவர் சொன்னது இதுதான். அந்தக் கட்டிடம் ஹாஸ்டல் ஆவதற்கு முன்னால் வாடகை வீடுகளாக இருந்தது. எங்கள் அறையில் சுந்தரம்மா என்ற விதவையும் அவர் மகள் ரோஜாவும் குடியிருந்தார்கள். அப்போது வாடகை வாங்கியதும் ஆன்ட்டிதான்; சுந்தரம்மா எழுதித் தருகிற சீட்டுகளைப் பார்த்திருக்கிறார். 2019-ல் ரோஜா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தாடை உடைந்தது. மெல்ல முடியாது. அம்மாதான் எல்லாவற்றையும் தன் வாயில் மென்று கூழாக்கி ஊட்டுவார். அந்த டிசம்பர் முழுக்க வீடு சாத்தியே கிடந்தது. கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். வாடை தாங்காமல் ஜனவரி 2-ம் தேதி கதவை உடைத்தார்கள். ரோஜா செத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாய் நிறைய, நெஞ்சு நிறைய மென்ற கேக். பக்கத்தில் சுந்தரம்மா உட்கார்ந்து இன்னும் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா எப்ப செத்தாங்க?" என்று கேட்டேன்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார்.

"சாகல. பாகாலான்ற ஊர்ல ஒரு ஹோம்ல இருக்காங்க."

என்னால் போக முடியாது என்று சொல்லிவிட்டேன். நைனா சபையில் நோயாளிகளைப் பார்த்து ஜெபிக்கப் போகிற மனுஷர். "பாவம்மா அவங்க. நான் போய் ஜெபம் பண்ணிட்டு வரேன்" என்று ஜனவரி 18 அன்று கிளம்பினார்.

சாயங்காலம் 7.15-க்குத் திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அஞ்சு வருஷமா அந்தம்மா கட்டில விட்டு எறங்கினதே இல்லயாம். காலு வராது" என்றார். "போன மாசம் பூரா மென்னுக்கினே இருந்தாங்களாம். முழுங்கவே மாட்டாங்களாம். ஆனா தொறந்து பாத்தா வாய் காலியா இருக்குமாம். அங்க இருக்கற நர்ஸம்மா சொல்லுச்சி."

"உங்ககிட்ட பேசினாங்களா நைனா?"

"ம். நல்லாப் பேசினாங்க. எம் பொண்ணு உடம்பு தேறி வந்தா, இப்ப எங்கயோ போய்ட்டா, பசியோட இருப்பான்னு ஒரே அழுக."

அவர் முகத்தைத் துடைத்தார். என்னை நேராகப் பார்க்கவில்லை.

"அப்புறம் என் கையப் புடிச்சிக்கினு, சித்தூர்ல எந்தத் தெருன்னு கேட்டாங்க. நான் ஒன்னும் யோசிக்காம..."

"நைனா..."

"சொல்லிட்டேம்மா."