ஏழாம் நாள் படகுத்துறை

நப்ரா அத்தையின் வீடு எகிப்தின் அஸ்வான் நகருக்கு ஆற்றின் எதிர்க்கரையில், படகுத்துறையிலிருந்து ஏறும் மணல் சரிவின் உச்சியில் இருக்கிறது. மாமா இறந்த பிறகு அவளுக்குப் பிழைப்பு சுற்றுலாக்காரர்கள்தான். குளிர்காலத்தில் அவர்களுக்குச் செம்பருத்தித் தேநீரும் ரொட்டியும் கொடுப்பாள். அந்த வரும்படியில்தான் கோடை முழுவதும் வீடு ஓடும்.

அந்த வருடம் கெய்ரோவிலிருந்து ஷுக்ரி வந்தார். பண்டைய எகிப்தைப் பார்க்க வரும் வெளிநாட்டவருக்காக அவர் ஒரு பயணத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தார். கோயில்கள், கல்லறைகள், கடைசியாக, இந்த ஆற்றங்கரையின் பழைய குடிகளான நூபியரின் வீடு ஒன்று. எந்த வீடு திட்டத்தில் ஏறுகிறதோ, குளிர்காலக் கூட்டம் முழுவதும் அங்கேதான் போகும். திட்டத்தை அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது என் வேலை. நப்ரா வீடு என்று முதலிலேயே எழுதிவிட்டு, அவரை அங்கே அழைத்துப்போனேன்.

ஆற்றைப் பார்த்த வெள்ளைச் சுவர் ஷுக்ரிக்குப் பிடித்துவிட்டது.

"இதுல நாலு பாஷையில நல்வரவுன்னு பெருசா எழுதிடுங்கம்மா."

உள்ளே குழந்தை அழுதது. அத்தையின் பேத்தி, முந்தின நாள்தான் பிறந்திருந்தாள். ஷுக்ரியின் முகம் மலர்ந்தது.

"ஏழாம் நாள் குழந்தைய ஆத்துக்குக் கொண்டுபோவீங்கல்ல? எங்க ஆளுங்க வர்ற அன்னிக்கு அதை வச்சுக்கோங்க."

"அவங்க வர இன்னும் மூணு வாரம் இருக்கே" என்றாள் அத்தை.

"மூணு வாரத்துல குழந்தை கிழவியாயிடுமா?"

"ஆத்துக்குள்ள குடியிருக்கற தேவதைங்களுக்கு ஏழாம் நாள் கஞ்சியில பங்கு போயாகணும். காத்திருக்க மாட்டாங்க."

"அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

"போய்ப் பேசுங்க. நீச்சல் தெரியுமில்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஷுக்ரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"பக்கத்து வீட்டுல டூரிஸ்ட்டுங்களுக்குக் காட்டத் தொட்டியில முதலை வளர்க்கறாங்க. நான் சொன்ன நாள்ல சொன்னதைச் செய்வாங்க. அடுத்த வாரம் வர்றேன், யோசிச்சு வைங்க."

அவர் போனதும் அத்தையின் மகன் மஹ்ஜூப் கெஞ்சினான். "ஏழாம் நாளும் பண்ணுவோம்மா. அவங்க வரும்போது சும்மா இன்னொரு தரம் பண்ணிக் காட்டிடலாம்."

"உங்கப்பாவ அடக்கம் பண்ணினப்போ யாரோ பார்க்கலன்னு மறுபடி தோண்டிப் புதைச்சியாடா?"

அவன் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அடுத்த வாரம் ஷுக்ரி பதில் கேட்கக் கிளம்பிய காலை, குழந்தைக்கு ஏழாம் நாள். ஷாஸ்லியின் படகில் நாங்கள் அக்கரையை நெருங்கும்போது துறை முழுக்கப் பெண்கள். நடுவில் குழந்தையை ஏந்திக்கொண்டு அத்தை. ஷாஸ்லி எஞ்சினை அணைத்துவிட்டு, துறைக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தான்.

"ஏன்யா நிறுத்திட்ட?"

"பொம்பளைங்க ஆத்துக்குப் பங்கு கொடுக்கறாங்க. முடியற வரைக்கும் படகு குறுக்க போகாது. நீங்களும் திரும்பிக்கோங்க ஐயா."

"நான் காசு கொடுத்திருக்கேன்!"

"காசு எனக்குத்தானே கொடுத்தீங்க? ஆத்துக்கா கொடுத்தீங்க?"

ஷுக்ரி முணுமுணுத்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தார். பெண் என்பதால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் அத்தை கொஞ்சமும் அவசரப்படவில்லை. குழந்தையின் முகத்தில் ஆற்றுநீர் தெளித்தாள். கஞ்சியில் ஒரு கை அள்ளி நீரில் விட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். மீதிக் கஞ்சியைச் சுற்றிக் கொடுத்து எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஷாஸ்லியைக் குரல் கொடுத்து அழைத்தாள்.

படகு கரை தட்டியதும் ஷுக்ரியிடம் ஒரு கிண்ணம் நீட்டினாள். "சாப்பிடுங்க. இது குழந்தையோட சாப்பாடு, வேண்டாம்னு சொல்லக்கூடாது."

அவர் தலைகுனிந்து சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "இதையேதாம்மா கேட்டேன். இன்னொரு தரம், அவ்வளவுதான்" என்றார்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "அந்தத் திட்டத்துல எம்பேரு இருக்கா?"

"இருக்கு அத்தை."

"அடிச்சிடு."

நான் ஷுக்ரியைப் பார்த்தேன்.

"அவரை ஏன் பார்க்கற? பேரு என்னுது."

இரண்டு மொழிகளிலும் அடித்தேன்.

அந்தக் குளிர்காலக் கூட்டம் முதலை வீட்டுக்குப் போனது. அத்தை துறையில் ரொட்டி விற்றாள். நல்வரவு எழுத மஹ்ஜூப் வாங்கிவைத்திருந்த நீலச் சாயத்தால் ஆற்றைப் பார்த்த சுவரில் பேத்தியின் பெயரை எழுதச் சொன்னாள்: தஹிபா. எழுத்துகள் ஆள் உயரம். படகில் போகிற வெளிநாட்டவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு, அது என்ன என்று ஷாஸ்லியைக் கேட்கிறார்கள்.

"திட்டத்துல இல்ல" என்கிறான் அவன்.